சாளரத்துக்குள் யூனிக்ஸ்: வாசகர் கேள்வி பதில்

இருக்கிற விண்டோஸைக் கலைக்காமல், அதற்குள்ளேயே ஒரு யூனிக்ஸ் இயங்குதளத்தை மெய்நிகர் கணினியாக நிறுவிப் பழகுவது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்கள் இம்மாதம் அதிகம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். குழப்பம் வராமலிருக்க, மேசைமேல் உள்ள நிஜக் கணினியை 'வெளிக்கணினி' என்றும், அதற்குள் மென்பொருளால் உருவாகும் மெய்நிகர் கணினியை 'உள்கணினி' என்றும் குறிப்பிடுகிறேன். கட்டளைகள் ஒலிப்புப்படி தமிழில் அச்சாகியுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும், ஏனெனில் யூனிக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றல்ல.

கேள்வி: எங்கள் பாடத்திட்டத்தில் 'யூனிக்ஸ்' என்று இருக்கிறது. ஆய்வகத்திலோ லினக்ஸ்தான் வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றா? வீட்டில் உண்மையான யூனிக்ஸையே நிறுவ வேண்டுமென்றால் எதை நிறுவுவது?
– பாலிடெக்னிக் மாணவி, திண்டுக்கல்

பதில்: கட்டளைகளைப் பழகுகிற அளவில் உங்கள் ஆய்வகம் உங்களுக்குக் குறை எதுவும் வைக்கவில்லை, எல்எஸ், கிரெப், ஆக் முதலியவை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். பிறப்புதான் வேறு. யூனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிச்சி முதலியோரால் பிடிபி-7 என்ற சிறு கணினியில் தொடங்கப்பட்டது. 1973இல் அதன் கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, சி மொழியில் திருப்பி எழுதினார்கள். அதனால்தான் அது ஒரே வகைக் கணினியோடு கட்டுண்டு கிடக்காமல் பல வகைக் கணினிகளுக்கும் போக முடிந்தது. லினக்ஸோ, 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் யூனிக்ஸின் நடைமுறையை மட்டும் பின்பற்றி, அதன் நிரல்வரிகளை எடுத்துக்கொள்ளாமல், புதிதாக எழுதத் தொடங்கிய கர்னல்.

'யூனிக்ஸ்' என்ற பெயர் இன்று ஓப்பன் குரூப் என்ற அமைப்பிடம் உள்ள வணிக முத்திரை. அதன் சோதனைகளில் தேறி அப்பெயரைச் சட்டப்படி சூடிக்கொண்டவை ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ், ஆப்பிளின் மேக்ஓஎஸ் போன்ற சில. அவற்றைச் சாதாரண விண்டோஸ் மடிக்கணினிக்குள் முறையாக நிறுவ இயலாது. ஆகவே பெயர்ப்பலகையை விட்டுவிட்டு வம்சாவளியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். பெல் ஆய்வகத்து யூனிக்ஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்குப் போய் அங்கே வளர்ந்த கிளைதான் பிஎஸ்டி. அக்கிளையிலிருந்து 1993இல் நெட்பிஎஸ்டியும் ஃப்ரீபிஎஸ்டியும் தோன்றின. நெட்பிஎஸ்டியிலிருந்து பின்னர் ஓப்பன்பிஎஸ்டி பிரிந்தது. முத்திரை இல்லையே தவிர இவை நேர் வாரிசுகள். மூன்றில், கையேடு விரிவாகவும் தெளிவாகவும் இருப்பதால் புதியவர்களுக்கு ஃப்ரீபிஎஸ்டியையே பரிந்துரைக்கிறேன். இனி வரும் பதில்கள் ஃப்ரீபிஎஸ்டி 14ஐயும், இலவசமாகக் கிடைக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

கேள்வி: என்னுடையது 8 ஜிபி நினைவகம் கொண்ட விண்டோஸ் 11 மடிக்கணினி. உள்கணினி மிக மெதுவாக ஓடுகிறது. விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் கீழ் ஓரத்தில் ஒரு பச்சை ஆமைப் படம்கூடத் தெரிகிறது. இது என்ன, கிண்டலா?
– ஈரோடு வாசகர்

பதில்: கிண்டல் இல்லை, அந்த மென்பொருள் தன் நிலைமையை உள்ளபடி சொல்கிறது. உள்கணினிக்கான கட்டளைகளைச் செயலி நேரடியாக நிறைவேற்றித் தரும் வசதி இன்டெல் செயலிகளில் 2005 முதலும் ஏஎம்டி செயலிகளில் 2006 முதலும் வரத் தொடங்கியது. விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் சொந்த மெய்நிகராக்க அடுக்காகிய ஹைப்பர்-வி இயங்கிக்கொண்டிருந்தால், அவ்வசதியை அது முதலில் எடுத்துக்கொள்ளும். விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகவே செயலியை அணுக வேண்டியதாகிவிடும். அப்போதுதான் அந்த ஆமை தோன்றும். நீங்கள் ஹைப்பர்-வியை என்றுமே தொட்டதில்லை என்றாலும், விண்டோஸுக்குள் லினக்ஸைத் தரும் துணை அமைப்போ, 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு ஏற்பாடோ அதை அழைத்து வந்திருக்கலாம்.

நீங்களாகவே ஹைப்பர்-வியை இயக்கியிருந்து இப்போது தேவையில்லை என்றால், விண்டோஸ் வசதிகளின் பட்டியலில் அதை நிறுத்திவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். பாதுகாப்பு ஏற்பாட்டை மட்டும், பழகுவதற்கான ஓர் உள்கணினிக்காக நிறுத்த வேண்டாம் என்பது என் கருத்து. எழுத்துத் திரை மட்டுமே உள்ள ஃப்ரீபிஎஸ்டிக்கு ஆமை வேகம் தாராளமாகப் போதும். இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: டாஸ்க் மேனேஜரின் செயல்திறன் பகுதியில், செயலியைப் பற்றிய விவரங்களோடு மெய்நிகராக்கம் இயங்குகிறதா இல்லையா என்பதும் எழுதியிருக்கும். இல்லை என்றிருந்தால், கணினியைத் தொடங்கும்போதே பயாஸ் அமைப்புக்குள் நுழைந்து அதை இயக்க வேண்டும். ஏஎம்டி கணினிகளில் அது எஸ்விஎம் என்ற பெயரில் ஒளிந்திருக்கும்.

8 ஜிபியில் உள்கணினிக்கு 2 ஜிபியும் இரண்டு செயலிக் கருக்களும் கொடுங்கள். பாதிக்கு மேல் கொடுத்தால் விண்டோஸ் திணறி, அந்தத் திணறல் உள்கணினிக்கும் வந்து சேரும். வட்டு 20 ஜிபி, தேவைக்கேற்ப வளரும் வகை. அது வெளிக்கணினியில் ஒரே ஒரு கோப்பாக இருக்கும். உள்ளே எழுத எழுதப் பெருகும், ஆனால் உள்ளே அழித்தால் தானாகச் சுருங்காது.

கேள்வி: ஃப்ரீபிஎஸ்டி தளத்தில் நிறுவுவதற்கான படிமமும் இருக்கிறது, எல்லாம் நிறுவி முடித்துத் தயாராக வைத்த மெய்நிகர் வட்டுகளும் இருக்கின்றன. தயாராக இருப்பதை எடுத்துக்கொண்டால் போதாதா? நிறுவிப் பார்க்கத் துணிந்தேன். நடுவில் 'எல்லாம் நிரந்தரமாக அழிந்துவிடும்' என்று எச்சரிக்கை வந்ததும் பயந்து நிறுத்திவிட்டேன்.
– பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: தயார் வட்டு அவசரக்காரர்களுக்கு நல்லது. நீங்கள் கற்க விரும்புகிறவர் என்பதால், முதல் தடவையாவது கையால் நிறுவுங்கள் என்பேன். நிறுவும்போது கேட்கப்படும் ஒவ்வொரு கேள்வியும் யூனிக்ஸில் ஒரு பாடத்தின் தலைப்பு. கணினிக்குப் பெயர் எதற்கு, ரூட் என்ற நிர்வாகக் கணக்குக்கும் சாதாரணப் பயனருக்கும் என்ன வேறுபாடு, எந்தச் சேவைகள் தொடக்கத்திலேயே ஓட வேண்டும் என்பதையெல்லாம் அந்த நீலத் திரை உங்களை நிறுத்தி நிறுத்திக் கேட்கும். தயார் வட்டில் இவற்றுக்கு யாரோ ஏற்கெனவே விடை எழுதிவிட்டிருப்பார்கள்.

'டிஸ்க்1' என்று பெயரிட்ட படிமத்தை, அதாவது குறுவட்டின் முழு நகலான கோப்பை, இறக்கிக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 1 ஜிபி இருக்கும். விர்ச்சுவல்பாக்ஸில் புதிய கணினி உருவாக்கும்போது வகை பிஎஸ்டி, பதிப்பு ஃப்ரீபிஎஸ்டி 64 பிட் என்று தேர்ந்து, படிமத்தை அதன் குறுவட்டு இயக்கியில் பொருத்தித் தொடங்குங்கள். விசைப்பலகை அமைப்பை இருக்கிறபடியே விடலாம். எவற்றை நிறுவ வேண்டும் என்ற பட்டியலிலும் முன்பே குறியிட்டிருப்பவை போதும்.

நீங்கள் பயந்த இடம் வட்டைப் பிரிக்கும் இடம். அங்கே இசட்எஃப்எஸ், யூஎஃப்எஸ் என்ற இரண்டு கோப்பு முறைமைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முந்தையது வசதிகள் நிறைந்தது, பிந்தையது எளியது. முதல் தடவைக்கு யூஎஃப்எஸ் போதும். இசட்எஃப்எஸைத் தேர்ந்தெடுத்த சிலர் 'போதிய வட்டுகள் தேர்ந்தெடுக்கப்படவில்லை' என்ற செய்தியோடு நின்றுவிட்டதாக எழுதியிருந்தார்கள். வட்டின் பெயருக்கு முன்னால் உள்ள கட்டத்தில் இடைவெளிப் பட்டையை அழுத்திக் குறியிட வேண்டும். குறியிடாமல் என்டர் விசையைத் தட்டினால் அப்படித்தான் நிற்கும். எச்சரிக்கை வரும்போது வட்டின் பெயரையும் அளவையும் பாருங்கள். 'ஏடிஏ0' என்று பெயர் இருக்கும், அளவு நீங்கள் கொடுத்த 20 ஜிபி. உள்ளே ஓடும் நிறுவிக்கு உங்கள் நிஜ வன்தட்டு கண்ணில் படவே படாது. அதற்குத் தெரிந்த உலகம் அந்த ஒரு கோப்பு மட்டும்தான். ஆகவே தைரியமாக ஒப்புதல் கொடுக்கலாம். நிஜக் கணினியில் நேரடியாக நிறுவும் நாளில் மட்டும் இதே எச்சரிக்கையை இருமுறை படியுங்கள்.

ரூட் கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் எழுத்தோ நட்சத்திரக் குறியோ எதுவும் தெரியாமல் போகலாம். விசைப்பலகை கெட்டுவிட்டது என்று எண்ணி ஒருவர் மூன்று தடவை நிறுவியிருக்கிறார்! தட்டுவது பதிவாகிக்கொண்டுதான் இருக்கும். நேர மண்டலத்தில் ஆசியா, பிறகு இந்தியா. கடைசியில் ஒரு சாதாரணப் பயனரைச் சேர்க்கும்போது, வேறு குழுக்களில் சேர்க்கலாமா என்று கேட்கும் வரியில் பெரும்பாலோர் வெறும் என்டரைத் தட்டிக் கடந்துவிடுகிறார்கள். அங்கே 'வீல்' என்று எழுத மறக்காதீர்கள். அக்குழுவில் இல்லாத பயனர், சரியான ரூட் கடவுச்சொல்லையே கொடுத்தாலும், எஸ்யூ கட்டளை அவரை நிர்வாகியாக மாற்ற மறுத்துவிடும்.

கேள்வி: நிறுவி முடித்து மறுதொடக்கம் செய்தால் மறுபடியும் நிறுவும் திரையே வருகிறது. ஏன்?
– சேலம் வாசகர்

பதில்: படிமம் இன்னும் உள்கணினியின் குறுவட்டு இயக்கியிலேயே இருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் வழக்கமாக வன்தட்டுக்கு முன்னால் குறுவட்டைத்தான் பார்க்கும். உள்கணினியை நிறுத்தி, சேமிப்பகப் பகுதியில் படிமத்தை அகற்றிவிட்டுத் தொடங்குங்கள். நீங்கள் நிறுவியது அப்படியே இருக்கிறது.

கேள்வி: விண்டோஸில் நகலெடுத்த கட்டளையை உள்கணினியின் திரையில் ஒட்ட முடியவில்லை. சுட்டியும் உள்ளே மாட்டிக்கொள்கிறது.
– திருச்சி வாசகர்

பதில்: மாட்டிக்கொண்ட சுட்டியை விடுவிக்க, வலப்பக்கத்து கன்ட்ரோல் விசையை ஒருமுறை தட்டுங்கள். ஒட்டும் சிக்கலுக்கு எளிய தீர்வு, அந்தத் திரையில் வேலை செய்வதையே விட்டுவிடுவதுதான். யூனிக்ஸ் நிர்வாகிகள் இயந்திரத்தின் முன் உட்காருவது அபூர்வம். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலைநுழைவு முறை வழியாக நுழைவார்கள். நீங்களும் அதையே பழகலாம். விண்டோஸிலேயே எஸ்எஸ்எச் நிரல் இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

விர்ச்சுவல்பாக்ஸ் வழக்கமாகத் தரும் 'நாட்' வகை வலையமைப்பில் உள்கணினிக்கு 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும். உள்ளிருந்து இணையத்துக்குப் போகலாம். வெளியிலிருந்து உள்ளே வரத்தான் வழி இராது. தெருவைப் பார்த்து வாசல் இல்லாத உள்ளறை மாதிரி. ஆகவே வலையமைப்பு அமைப்பில் துறை (போர்ட்) முன்னனுப்பல் என்ற பகுதிக்குச் சென்று, வெளிக்கணினியின் 2222ஆம் துறைக்கு வருவதை உள்கணினியின் 22ஆம் துறைக்கு அனுப்பும்படி ஒரு விதி எழுதுங்கள். பிறகு விண்டோஸின் கட்டளைச் சாளரத்திலிருந்து, லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரையும் 2222 என்ற துறையையும் கொடுத்து உங்கள் சாதாரணப் பயனர் பெயரில் நுழையுங்கள். ரூட்டாக நேரே நுழைய ஃப்ரீபிஎஸ்டி அனுமதிக்காது. அதை மாற்றவும் வேண்டாம். நகலெடுப்பதும் ஒட்டுவதும் இனி விண்டோஸ் சாளரத்தின் வேலை.

கேள்வி: லினக்ஸில் ஓடிய என் நிரல் இங்கே 'கிடைக்கவில்லை' என்கிறது. கோப்போ கண்ணெதிரே இருக்கிறது.
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: கிடைக்காதது உங்கள் கோப்பு அல்ல; அதன் முதல் வரியில் நீங்கள் குறித்திருக்கும் பேஷ் என்ற ஷெல், அதாவது கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் நிரல். ஃப்ரீபிஎஸ்டியின் அடிப்படை அமைப்பில் பேஷ் கிடையாது. மென்பொருள்களைச் சேர்க்கும் பிகேஜி கட்டளை வழியாக நிறுவினாலும், அது லினக்ஸில் இருப்பதுபோல் 'பின்' என்ற அடைவில் போய் உட்காராது. 'யூஎஸ்ஆர்' அடைவுக்குள் 'லோக்கல்', அதற்குள் 'பின்' என்று வேறு இடத்தில் இருக்கும். இயங்குதளம் தன்னோடு கொண்டுவந்தவை ஓரிடம், நீங்கள் சேர்த்தவை இன்னோரிடம் என்று பிரித்துவைப்பது பிஎஸ்டியின் ஒழுங்கு. முதல் வரியில் என்வ் கட்டளையைக் கொண்டு பேஷைத் தேடச் சொல்லிவிட்டால் இரண்டிலும் ஓடும்.

கேள்வி: ஆர்சி.கான்ஃப் கோப்பில் ஒரே ஒரு வரியைத் திருத்தினேன். மறுதொடக்கம் செய்ததும் வழக்கமான நுழைவுத் திரை வரவில்லை. ஷெல்லின் முழுப் பாதையைக் கொடு என்று ஏதோ கேட்கிறது. மீண்டும் முதலிலிருந்து நிறுவுவதைத் தவிர வழியில்லையா?
– கோவை வாசகர்

பதில்: கண்டிப்பாக நிறுவாதீர்கள், இந்த விபத்து வீணாகக் கூடாது. ஒரு மேற்கோள் குறியைத் திறந்துவிட்டு மூடாமல் விட்டிருப்பீர்கள். எனக்கும் இது நடந்திருக்கிறது. அன்று உள்கணினியில் அல்ல, பணி செய்த இடத்தில் நிஜமான ஒரு கணினியில். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு திருத்தலாம் என்று நல்லெண்ணத்தோடு தொடங்கி, அந்த ஒற்றைக் குறியால் இரவு பத்து மணி வரை நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. தவறு எங்கே என்று திரையே சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் படிக்கவில்லை.

ஆர்சி.கான்ஃப் என்பது தொடக்கத்தில் எந்தெந்தச் சேவைகள் ஓட வேண்டும் என்று இயங்குதளம் படித்துத் தெரிந்துகொள்ளும் கோப்பு. ஷெல்லே அதைப் படிக்கிறது. ஆகவே அதில் இலக்கணப் பிழை இருந்தால் தொடக்கம் பாதியில் நின்று, ஒற்றைப் பயனர் நிலைக்கு இறங்கிவிடும். அந்தக் கேள்விக்கு வெறும் என்டர் தட்டினால் ரூட்டுக்குரிய தூண்டுக்குறி கிடைக்கும். இப்போது கோப்பைத் திருத்திச் சேமிக்கப் போனால், எழுத முடியாது என்று மறுப்பு வரும். இந்நிலையில் வட்டு படிக்க மட்டுமே திறந்திருக்கும். யூஎஃப்எஸ் என்றால் மவுன்ட் கட்டளையை '-யூ' என்ற தெரிவோடு, மூல அடைவைக் குறிக்கும் சாய்கோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். எழுதும் நிலைக்கு மாறும். பிறகு 'மவுன்ட் -ஏ' என்று கொடுத்துவிட்டு, இஇ என்ற எளிய தொகுப்பானில் கோப்பைத் திறந்து மேற்கோளை மூடி, சேமித்து, ரீபூட் கொடுங்கள்.

இனி அக்கோப்பைக் கையால் தொடாமல், சிஸ்ஆர்சி என்ற கட்டளை வழியாக மாற்றினால் மேற்கோள் குறிகளை அதுவே பார்த்துக்கொள்ளும். திருத்துவதற்கு முன்னால் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு நிலைப்படம் எடுத்துவைப்பதும் நல்ல பழக்கம். ஒரு சொடுக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் நிலைப்படம் மூல வட்டின்மேல் சாய்ந்து நிற்பது. வட்டுக் கோப்பே போய்விட்டால் அதுவும் கூடவே போகும் என்பதால் அதைக் காப்பு நகல் என்று எண்ணிவிடக் கூடாது. நிலைப்படத்தை எடுத்த பிறகு, நேரம் இருந்தால், அந்த மேற்கோள் குறியை வேண்டுமென்றே இன்னொரு முறை அழித்துவிட்டு, என் பதிலைப் பார்க்காமல் மீட்டுப் பாருங்கள்.

கேள்வி: எம்1 சில்லு கொண்ட மேக்புக்கில் இதே படிமத்தை நிறுவ முடியுமா?
– சென்னை வாசகர்

பதில்: இதே படிமத்தை அல்ல. அந்தச் சில்லு ஆர்ம் வகை. ஆர்ம் 64 பிட்டுக்கான ஃப்ரீபிஎஸ்டி படிமத்தை இறக்கி, யூடிஎம் என்ற மென்பொருளில் நிறுவுங்கள். உங்கள் மேக்கின் டெர்மினலைத் திறந்தாலே முத்திரை பெற்ற யூனிக்ஸ் ஒன்று காத்திருக்கிறது என்பதையும் நினைவூட்டுகிறேன். உடைத்துப் பழக மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: ஓய்வுபெற்றவன். தொழில் முழுவதும் யூனிக்ஸ் முனையங்களில் கழிந்தது. ஆதி யூனிக்ஸை, அதாவது பெல் ஆய்வகத்திலிருந்து வந்ததையே, என் கணினியில் ஓட்டிப் பார்க்க முடியுமா?
– புதுச்சேரி வாசகர்

பதில்: முடியும், ஐயா, சட்டப்படியும் தடையில்லை. பழைய யூனிக்ஸ் பதிப்புகளின் உரிமையை அப்போது வைத்திருந்த கால்டெரா நிறுவனம் 2002 ஜனவரியில் அவற்றைத் தாராளமான உரிமத்தின்கீழ் திறந்துவிட்டது. 1975இல் வெளிவந்த ஆறாம் பதிப்பு, 1979இன் ஏழாம் பதிப்பு ஆகியவற்றின் நாடாக்களையும் வட்டுகளையும் யூனிக்ஸ் பாரம்பரியச் சங்கத்தார் சேகரித்துவைத்திருக்கிறார்கள்.

இதற்கு விர்ச்சுவல்பாக்ஸ் உதவாது. அது உங்கள் செயலியை உள்கணினிக்குப் பகிர்ந்து தருவது. இந்தப் பதிப்புகளோ பிடிபி-11 என்ற வேறொரு கணினியின் மொழியில் உள்ளவை. அக்கணினியின் ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருளால் நடித்துக்காட்டும் சிம்எச் என்ற நிரல் வேண்டும். ஆறாம் பதிப்பின் வட்டு ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 2.5 எம்பி; இன்று கைபேசியில் எடுக்கும் புகைப்படங்களில் பல அதில் அடங்காது. கர்னலின் மூல நிரல் பத்தாயிரம் வரிகளுக்கும் குறைவு.

சிம்எச்சில் அந்த வட்டை இணைத்து அதிலிருந்து தொடங்கினால் '@' குறி தோன்றும். யூனிக்ஸ் என்று தட்டினால் நுழைவு வரி வரும். பெயரைப் பெரிய எழுத்தில் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் முனையத்தில் சிறிய எழுத்தே இல்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, அதன்பின் எல்லாவற்றையும் பெரிய எழுத்திலேயே காட்டும். அடைவு மாற சிடி வேலை செய்யாது. சிஎச்டிஐஆர் என்று ஐந்தெழுத்தையும் வேறு வழியின்றித் தட்ட வேண்டும். தவறாகத் தட்டிய எழுத்தை அழிக்க '#', வரி முழுவதையும் தள்ள '@'. காகிதத்தில் அச்சிடும் முனையங்களில் எழுதியதை அழிக்க வழியில்லாததால் வந்த வழக்கம் அது. தட்டிய பிழையும் அதை அடித்த குறியும் உங்கள் திரையில் அப்படியே நிற்கும்.

முடிக்கும்போது, நிறுத்தும் கட்டளையைத் தேட வேண்டாம். ஆறாம் பதிப்பில் அப்படி ஒன்று இல்லை. நினைவகத்தில் தங்கியிருப்பவை வட்டுக்கு இறங்கும்படி சின்க் என்று தட்டுங்கள், பழைய வழக்கப்படி மூன்று முறை, ஒவ்வொன்றும் தனித்தனி வரியில். அதன்பின் கன்ட்ரோல் விசையோடு இ எழுத்தை அழுத்தினால் சிம்எச் பிடிபி-11ஐ நிறுத்திவிடும்.